கீறல் விழாத சுத்தியல்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், அறுவடை நாளன்று என் டிராக்டர் வயலின் நட்டநடுவில் நின்றுபோகட்டும். தெற்கு டகோட்டாவில் இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. இனி நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு லவோனின் மாவு பிசையும் மிக்ஸர் 'கர்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது.

"எர்வின், சனிக்கிழமை சர்ச் விற்பனை" என்றாள் லவோன். "அறுபது கூகன் சுட்டாகணும். இது ஓடலைன்னா என் மணிக்கட்டு ஆறுக்குக்கூடத் தாங்காது."

முப்பத்தோரு வருடமாக ஜூலை விற்பனைக்கு கூகன், அதாவது ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்டுச் சுடும் எங்கள் ஜெர்மன் கேக், அறுபதும் அவள் கையால்தான். வேறு யாராவது சுடலாம் என்று சொல்ல எங்கள் சர்ச்சில் ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை. விற்பனையில் மிச்சமெல்லாம் ஊறுகாயும் பின்னல் வேலையும்தான். கூகன் இல்லையென்றால் கூட்டம் இல்லை.

அவள் கணவர் எர்வின் ஹாய்ப்பல் தானியக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு கராஜிலேயே குடியிருக்கிறார். உள்ளே ஒரு லேத், ஒரு மில்லிங் மிஷின், ஒரு துளைபோடும் மிஷின். பனிக்காலத்திலும் கார் வெளியேதான் நிற்கும். அவர் மிக்ஸரைத் தூக்கிப்போய்த் திறந்து பார்த்தார்.

"ஆணிதான்" என்றார். "கத்தியைத் தண்டோட சேர்த்துப் பிடிக்கிற தலையில்லாத ஆணி. இத்தனை வருஷமா மெல்ல நகர்ந்து வந்து ஒரு பக்கம் துருத்திக்கிட்டு நிக்குது. ஒரு தட்டு தட்டினா வந்துடும். அஞ்சு நிமிஷம்."

இரும்புச் சுத்தியலை ஓங்கினார்.

"எங்க அம்மா மிஷின் அது" என்றாள் லவோன். "அந்தப் பச்சைப் பெயிண்ட்ல ஒரு கீறல் விழுந்தாலும் அப்புறம் எனக்கு அது வேண்டாம்."

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. நேரம் பார்த்து கிளெரன்ஸ் ஓப் உள்ளே வந்தார். எங்கள் கவுண்டியில் வீட்டில் லேத் வைத்திருக்கிறவர்கள் என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். எங்கள் சங்கத்துக்கு அவர் தலைவர்.

"இரும்பாலயா அடிக்கப் போனே?" என்றார். "எர்வின், உன்னை நான் மனுஷன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"எடை பார்க்கத்தான் தூக்கினேன்."

"அடிக்கிறது அடிபடுறதைவிட மென்மையா இருக்கணும். சங்கத்துல சேர்ந்த முதல் நாளே சொல்லித்தர்றது. உன்கிட்ட ஒரு மென்சுத்தியல்கூடக் கிடையாதா? பாவம்."

அந்தப் 'பாவம்' எர்வினுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இரும்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

லவோனின் அக்கா ஆர்டிஸ் பக்கத்துப் பண்ணையில் கோழி வளர்க்கிறவள். முட்டை கொடுக்க வந்தவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "டவுன்ல கடையில தொங்குதேப்பா, ரப்பர் சுத்தியல். ஒண்ணு வாங்கிட்டு வந்துடேன்" என்றாள்.

"கடையிலயா?" எர்வினின் மீசை நடுங்கியது. "லேத் வச்சிருக்கிறவன் சுத்தியல் வாங்கினா அந்த லேத் என்ன நினைக்கும்?"

திங்கட்கிழமை பித்தளையில் ஒன்று கடைந்தார். கண்ணாடி மாதிரி மினுக்கி, மேப்பிள் கட்டையில் பிடி போட்டு, சோதனைக்காக ஒரு பழைய டோஸ்டரில் தட்டினார். பள்ளம் விழுந்தது. பள்ளத்தைச் சுற்றி மஞ்சளாகத் தடம் வேறு.

"ஐயோ, இதாலயா அடிக்கப்போறே?" என்று லவோன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அடிக்க மாட்டேன். பித்தளைங்கிறதே ஏமாத்து வேலை."

செவ்வாய்க்கிழமை செம்பு. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் வெண்ணெய் மாதிரி இளகும் என்று கிளெரன்ஸ் போனில் சொல்லியிருந்தார். இளகியது. ஆனால் செம்பு அடிக்க அடிக்க இறுகும் என்பதைச் சொல்லவில்லை. எட்டாவது தட்டில், இரண்டு ரொட்டி போடுகிற டோஸ்டர் ஒரு ரொட்டி போடுகிறதாக ஆனது.

"வேணும்னே சொல்லாம விட்டிருக்கான்" என்று எர்வின் கொதித்தார். "தலைவராம். போன தேர்தல்ல நான் அவனுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்."

புதன்கிழமை காரீயம். உருக்கி ஊற்ற அச்சு வேண்டும். லவோனின் மஃபின் தட்டில் பன்னிரண்டு குழி இருந்தது, ஒன்றில் ஊற்றினார்.

"அதுல இனிமே மனுஷன் சாப்பிட முடியாது" என்றாள் லவோன்.

"உன் அறுபது கூகனுக்காகத்தான் இவ்வளவும்."

"நான் ஒண்ணும் சொல்லலியே. மெதுவாவே செய். கீறல் விழாம இருந்தாச் சரி."

காரீயச் சுத்தியல் முதல் தட்டில் காளானாகவும் மூன்றாவது தட்டில் தொப்பியாகவும் ஆனது. அந்தத் தொப்பி இன்றைக்கும் எங்கள் சங்க அறையில் இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் சிறியது.

வியாழக்கிழமை காலை பதப்படுத்தாத மாட்டுத்தோலை நனைத்து, சுருட்டி, வைஸில் இறுக்கிக் காயவைத்தார். கச்சிதமாக வந்தது. டோஸ்டரில் தட்டினார். ஒரு தடமும் இல்லை. எர்வின் ஐந்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். கிளெரன்ஸை வரவழைத்துக் காட்ட வேண்டும் என்று போன் பேச உள்ளே போனார். திரும்பி வந்தபோது பிடி மட்டும் இருந்தது. ஓரத்தில் நாய் ஃபிரிட்ஸ் வாயை நக்கிக்கொண்டிருந்தது. அது பல் துலக்குவதற்கென்று கடையில் விற்கும் எலும்பும் அதே தோல்தான் என்பது எர்வினுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து அந்த நாய் தலையால் எந்தக் கதவை முட்டினாலும் சத்தம் வருவதில்லை. நானே கேட்டிருக்கிறேன், அதாவது, கேட்கவில்லை.

"காட்டு பார்ப்போம்" என்று வந்து நின்றார் கிளெரன்ஸ்.

எர்வின் நாயைக் காட்டினார்.

கிளெரன்ஸ் குனிந்து நாயின் தலையைத் தட்டிப் பார்த்தார். "பிடி போடலியா?" என்றார்.

அன்று மதியமே எர்வின் லவோனின் காய் நறுக்கும் வெள்ளைப் பலகையை லேத்தில் ஏற்றினார். அவளே எடுத்துக் கொடுத்தாள். சீவல் சீவலாக வெள்ளை பிளாஸ்டிக் பறந்து கராஜை நிறைத்து, வாசலில் வழிந்து, சாலைக்கும் போனது. ஜூலை மாதத்தில் கவுண்டியின் பனி வாரும் லாரி வந்து தெருவைச் சுத்தம் செய்துவிட்டுப் போனது. ஓட்டுநர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பிளாஸ்டிக் சுத்தியல் கீறவில்லை. ஆனால் ஆணியில் பட்ட வேகத்திலேயே எகிறி வந்து எர்வினின் நெற்றியில் அடித்தது. நெற்றியிலும் கீறல் விழவில்லை, வீக்கம்தான்.

"பாத்தியா?" என்றார் அவர், ஐஸ் கட்டியைப் பிடித்துக்கொண்டு. "ஒழுக்கமா ஒரு சுத்தியல் இந்த உலகத்துல கிடையாது. மென்மையா இருந்தா வேலை செய்யாது, வேலை செஞ்சா மென்மையா இருக்காது. இதை எவன் படைச்சானோ அவன்மேல கேஸ் போடணும்."

"நாளைக்கு வெள்ளி" என்றாள் லவோன். "மாவு வெள்ளிக்கிழமை காலையில ஊறணும்."

"சாயந்திரம் பிசைஞ்சுக்கலாம்."

"பிசைஞ்சுக்கலாம். நீ அவசரப்பட்டு எதையும் கீறிடாதே."

வெள்ளிக்கிழமை எர்வின் தன் வாழ்க்கையின் மிகச் சிறந்த சுத்தியலைச் செய்தார். அதே பிளாஸ்டிக்கைக் குடைந்து, உள்ளே இரும்புக் குண்டுகளை நிரப்பி, மூடி போட்டு அடைத்தார். அடித்தவுடன் குண்டுகள் முன்னால் வந்து விழும், எகிறாது. கிளெரன்ஸே கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். சங்க வரலாற்றில் அவர் இரண்டு பேருக்குத்தான் 'ம்' சொல்லியிருக்கிறார்.

லவோன் வாசற்படியில் நின்று பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

எர்வின் ஓங்கித் தட்டினார். ஆணி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பச்சைப் பெயிண்ட் அப்படியே இருந்தது. கூடவே சுத்தியலின் மூடியும் வெளியே வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு இரும்புக் குண்டுகளும் மிக்ஸரின் பல்சக்கரங்களுக்குள் மழை மாதிரி இறங்கின.

சனிக்கிழமை பத்து மணிவரை எர்வினும் கிளெரன்ஸும் இடுக்கியும் காந்தமுமாக உட்கார்ந்து நானூற்றுப் பன்னிரண்டையும் எடுத்தார்கள். சரியான ஆணி போட்டு ஓடவிட்டார்கள். பூனை மாதிரி ஓடியது. விற்பனை ஒன்பது மணிக்கே தொடங்கியிருந்தது.

எர்வின் நெற்றி வீக்கத்தோடு சர்ச் ஹாலுக்கு ஓடினார். மேசை நிறையக் கூகன். ஃபவுத் வீட்டில் எட்டு, ஷூமாக்கர் வீட்டில் பன்னிரண்டு என்று ஊரே வியாழக்கிழமையிலிருந்து பங்கு போட்டுச் சுட்டிருந்தது. லவோன் முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, காபியோடு அடுத்தவள் சுட்ட கூகனைத் தின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொருத்தியும் வந்து அவள் தோளைத் தொட்டு, "பாவம் லவோன், நீ என்ன பண்ணுவே, அவரும் ராப்பகலா முயற்சி பண்ணினாராமே" என்றுவிட்டுப் போனாள்.

எர்வினுக்குப் பொறுக்கவில்லை. கல்லாவில் நின்ற ஆர்டிஸிடம் போய் சட்டைப் பையிலிருந்து அந்த ஆணியை எடுத்து மேசையில் போட்டார்.

"இதைப் பாரு. ஓட்டையைவிட ஒரு நூல் பருமன். இது நகர்ந்து வந்ததில்ல. எவனோ வேணும்னே அடிச்சு இறக்கியிருக்கான். அதுவும் பெயிண்ட்ல ஒரு கீறல் விழாம. அவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும், ஆர்டிஸ். என்ன சுத்தியல் வச்சிருந்தான்? மான்தோலா? வெள்ளியா?"

ஆர்டிஸ் தங்கை பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஷூமாக்கர் வீட்டுக் கூகனில் ஒரு துண்டு வெட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"லவோன்தான்ப்பா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுல வச்சு. கோழிக்கூட்டுக்கு ஆணி அடிக்கிற இரும்புச் சுத்தியல், ஒரே போடு."