வீட்டில் யார் வாயிலும் வராத சொல்

இராஜபாளையம்
30-10-1996

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை வைகுண்டராஜ் அவர்களுக்கு, மாமனார் சமுத்திரம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் தெய்வ புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். தாங்கள் வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் மட்டும் சுமாராக இருக்கிறது. அங்கே தாங்களும் மகள் சண்முகத்தாயும் பேரனும் நலமாக இருக்க அய்யனார் துணை நிற்பார். பெங்களூரில் குளிர் அதிகம் என்று கேள்வி. பேரனுக்குக் காதை மூடிவிடச் சொல்லவும்.

நிற்க. இந்தக் கடிதத்தைத் தாங்கள் மட்டும் படிக்கவும். மகளுக்குக்கூடக் காட்ட வேண்டாம். பேரனுக்குத் தீபாவளிச் சட்டை அளவு கேட்டு எழுதுவதாகத்தான் உங்கள் அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். நடந்தது வெளியே தெரிந்தால் நான் ஆபீஸ் போர்டைக் கழற்றி அடுப்பில் வைக்க வேண்டியதுதான்.

பொங்கலுக்கு வந்தபோது தாங்கள், "வீடு, மனை விக்கிறவங்க வாங்குறவங்க விவரமெல்லாம் மண்டைக்குள்ளேயே வச்சிருக்கீங்களே மாமா, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா தொழில் என்ன ஆகும்?" என்று கேட்டீர்கள். எனக்கு ஒன்று ஆன பிறகு தொழில் எனக்கு எதற்கு என்று நாக்கு வரை வந்தது. மாப்பிள்ளை ஆயிற்றே என்று விழுங்கினேன். தங்கள் யோசனைப்படியே ஞானபாக்கியம் என்ற டைப் படித்த பெண்ணை வேலைக்கு வைத்து, சர்வே நம்பர், பட்டா யார் பேரில், வில்லங்கம் உண்டா, விற்பவர் வெளியே சொல்லும் விலை என்ன, மனசுக்குள் வைத்திருக்கும் கடைசி விலை என்ன என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். இதில் கடைசி விலைதான் எங்கள் தொழிலுக்கு உயிர். வாங்குகிறவர் காதுக்கு அது போய்விட்டால் அதற்கு மேல் ஒரு பைசா தேறாது. சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அந்தத் துண்டு வேலையை இனிமேல் பாஸ்வேர்டு செய்யும் என்று நான் புரிந்துகொண்டேன்.

வீட்டில் யார் வாயிலும் சும்மா வந்துவிடாத சொல்லாகப் பார்த்துப் பாஸ்வேர்டு வைக்கச் சொன்னீர்கள். அவசரத்துக்கு நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் சொல்லி வைக்கச் சொன்னீர்கள். நானும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். பேரன் பேரை உங்கள் அத்தை நாள் முழுக்க ஏலம் போடுகிறாள். சாமி பேர் என்றால் தும்மினாலே வந்துவிடும். கடைசியில் பளிச்சென்று பிடிபட்டது. என் பேர்! பிள்ளைகளுக்கு நான் அப்பா, பேரனுக்குத் தாத்தா, உங்கள் அத்தைக்கு 'இந்தாங்க'. கல்யாணமான நாள் முதல் அவள் என் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவரிடம்கூடப் பக்கத்து வீட்டுக்காரியை விட்டுத்தான் சொல்ல வைத்தாள். ஆகவே என் பேரையே பாஸ்வேர்டாக வைத்து, நம்பிக்கையான ஆள் என்று அவளிடமே அதைச் சொல்லியும் வைத்தேன். தினம் காலையில் நானே அடித்துத் திறந்துவிடுவேன், ஞானபாக்கியத்துக்குக்கூடத் தெரியாது.

பிளாப்பியில் நகல் எடுத்து வைக்கச் சொன்னீர்களே, அதையும் செய்தேன். ஆனால் சரஸ்வதி பூஜை வந்துவிட்டது. தராசு, டேப், பூட்டு என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த உங்கள் அத்தை, பிளாப்பி மட்டும் என்ன பாவம் பண்ணியது என்று அதன் தகரக் கதவை ஒதுக்கி உள்ளே தகட்டுக்கே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். அத்தனை நகலும் போயிற்று. சாமி காரியம், நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கிடையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வஞ்சுளவல்லி அம்மாள் என்று ஒரு ரிட்டயர்டு டீச்சர் ஆபீசுக்கு வந்து, தன் வீட்டை விற்றுத் தரச் சொன்னார். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. வந்த பணத்தில் ஸ்ரீரங்கத்தில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று வாங்கி, மிச்சக் காலத்தைக் கழிக்க வேண்டும். விலை குறைந்தால் அது நடக்காது. வெளியே சொல்லும் விலை பன்னிரண்டு லட்சம், கடைசி விலை ஒன்பது. நான் வீட்டைப் பார்க்கப் போனபோது, "சமுத்திரம், இது உம்ம காதோட இருக்கட்டும்" என்று கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். வாங்க வந்தவர் நம்மூர் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஐயாதுரை. டாக்டர் மகனுக்கு ஆஸ்பத்திரி வைக்க இடம் தேடுகிறார். அவருக்குப் புரோக்கர் மாரிச்சாமி. என் ஆபீசுக்கு எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, என் வாசலில் யார் செருப்பு கிடக்கிறது என்று பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. பத்தரைக்காவது முடித்துக் கொடுத்துவிடலாம் என்று நான் தைரியமாக இருந்தேன்.

போன வாரம் வேறொரு கிரயத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் பத்திர ஆபீசில் நிற்கிறேன், சர்வே நம்பர் மறந்துவிட்டது. முன்பெல்லாம் நம்பர்கள் நாக்கு நுனியில் நிற்கும். கம்ப்யூட்டர் வந்ததும் என் மண்டை லீவு போட்டுவிட்டது. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி ஆபீசுக்குப் போன் போட்டால் ஞானபாக்கியம், "கரண்டு போயிட்டு வந்துச்சு சார், திரும்பவும் பாஸ்வேர்டு கேக்குது" என்கிறாள். எனக்குப் பின்னால் ஒரு கூட்டமே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே நின்று ரகசியத்தைக் கத்த முடியுமா? "வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் கேளு" என்றேன். உங்கள் அத்தை மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்தாள். ரிசீவர் மேஜையில் கிடந்ததால் எல்லாம் எனக்குக் கேட்டது.

"பாஸ்வேர்டு என்னம்மா?"

"அதை நான் எப்படித் தாயி சொல்லுவேன்?"

"அப்போ எழுதிக் காட்டுங்க."

"எழுதினா மட்டும் சொன்னதா ஆகாதா?"

இரண்டு பேர் காலடிச் சத்தமும் வாசல் பக்கம் போயிற்று. இங்கே பூத்தில் மீட்டர் ஓடுகிறது. என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. உங்கள் அத்தை அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நடுத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய், வாசலுக்கு மேலே தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருக்கும் 'சமுத்திரம் ரியல் எஸ்டேட்' போர்டைக் காட்டி, "அந்தா இருக்கு பாரு உன் பாஸ்வேர்டு, முதல்ல இருக்கிறது மட்டும்" என்று சொல்லியிருக்கிறாள். எதிர் பெஞ்சில் மாரிச்சாமி.

மறுநாள் மத்தியானம் நான் வெளியே போயிருந்தேன், ஞானபாக்கியமும் சாப்பிடப் போய்விட்டாள். "ஒரு போன் பண்ணிக்கிடுதேன்க்கா" என்று மாரிச்சாமி நுழைந்திருக்கிறான். எனக்கு முன்னாலேயே கம்ப்யூட்டர் கிளாஸ் முடித்துச் சர்டிபிகேட்டைச் சுவரில் மாட்டியிருப்பவன் அவன். அவனை வாசலோடு அனுப்ப வேண்டாமா? "இருங்க தம்பி, மோர் கொண்டு வாரேன்" என்று உங்கள் அத்தை மாடி ஏறியிருக்கிறாள். வெறும் மோர் போதாதென்று இஞ்சி தட்டி, கறிவேப்பிலை கிள்ளி, கடுகு தாளித்து இறங்கி வருவதற்குள் அவன் ஒரு சினிமாவே பார்த்திருக்கலாம்.

அடுத்த நாளே ஐயாதுரை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், ஒன்பதுக்கு மேல் ஒரு பைசா கிடையாது, சம்மதமென்றால் இப்போதே அட்வான்ஸ் என்று உட்கார்ந்துவிட்டார். டீச்சரும் வாங்கிக்கொண்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை மாப்பிள்ளை. நம்பிச் சொன்ன மனுஷியைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று அவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் என்னடாவென்றால் தட்டில் பால்கோவாவோடு வருகிறார்.

"அம்மா, உங்க கடைசி விலை வெளிய போயிடுச்சு. என் ஆபீசுல இருந்துதான் போச்சு" என்றேன்.

"அசடே, அது என் கடைசி விலைன்னு யார் சொன்னா? என் மனசுல இருந்தது எட்டு. ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு அது தாராளம். ஒன்பதுதான் அடிமட்டம்னு யாரோ சொன்னதை நம்பிண்டு அவர் பேரமே பேசலை. புரோக்கர்கிட்டப் போய் யாராவது நெஜ விலையைச் சொல்லுவாளா?"

எடுத்த பால்கோவாவைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டேன். அவர் காரியம் ஜெயமானதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மனசு ரொம்ப வலிக்கிறது. என்னிடம் சொன்ன ரகசியம் பெட்டியில் பூட்டியது மாதிரி என்று இத்தனை காலம் பெருமை பேசித் திரிந்தேனே! எல்லோருமே என்னிடம் ஒன்றைக் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார்களா? அப்படியானால் கரண்டும் செலவழித்து, சம்பளமும் கொடுத்து நாம் பத்திரமாகப் பாதுகாப்பது பொய்யையா?

போகட்டும். இப்போது புதுப் பாஸ்வேர்டு வைத்திருக்கிறேன். தெருவில் எந்தப் போர்டிலும் இல்லாத சொல். உங்கள் அத்தை தங்கமானவள், ஆனால் தொழில் சூட்சுமம் தெரியாதவள். ஆகவே அவளிடமும் சொல்லவில்லை. தீபாவளிக்கு வரும்போது தாங்கள் பார்த்து, இது போதுமா, மாற்ற வேண்டுமா என்று சொல்லவும். சம்பந்தி வீட்டாருக்கு என் வணக்கம். மகளுக்கும் பேரனுக்கும் ஆசி. ஆண்டாள் அருளால் தங்களுக்குப் பிரமோஷனும் குறையாத ஆயுளும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமா,
சமுத்திரம்

பி.கு.: மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுதேன். கவரை ஒட்டச் சொல்லி என் கையில தந்துட்டு அவிய வெளிய போயிருக்காவ. சட்டை அளவு கேக்க எம்புட்டுப் பக்கம் வேணும்னு பிரிச்சுப் பார்த்தேன். டீச்சர் மொத மொத நம்ம ஆபீசுக்கு வந்த அன்னைக்கே, அவியகிட்ட உள்ள விலையைச் சொல்லிராதியன்னு சொன்னதே நான்தான். பகல்ல அவிய வாயைத் திறக்க மாட்டாவ. உறக்கத்துல பட்டா நம்பரும் விலையும் தெருவுக்கே கேக்கும். விக்க வாரவுக எல்லாருக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்புதேன். பெஞ்சுல மாரிச்சாமி இருக்கானான்னு பார்த்துட்டுத்தான் போர்டைக் காட்டினேன். கூட்டிச் சொன்ன விலையை அவனே திருடிப் பார்த்தாத்தான் நம்புவான்னு மோரையும் வேணும்னுதான் தாளிச்சேன். இது எதுவும் அவியளுக்குத் தெரிய வேண்டாம், மனசு தாங்காது. புதுப் பாஸ்வேர்டையும் நேத்து உறக்கத்துல சொல்லிட்டாவ. "பாஸ்வேர்டு ஆவுடையம்மா, பாஸ்வேர்டு ஆவுடையம்மா"ன்னு திரும்பத் திரும்ப. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எனக்கு 'ஏட்டி'தான். என் பேரை அவிய வாயால இப்பத்தான் கேக்கேன். தீபாவளிக்கு வாரப்ப அதை மட்டும் மாத்தச் சொல்லிராதிய, மாப்பிள்ளை.