வெறும் டிஸ்க்கில் கேட்ட சிரிப்பு

காணாமல் போன ஃபைல்களைக் கை வைத்தே வரவழைக்கும் மகான் ஒருவர் வந்திருக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. பெயர் டிஸ்க் ஞானி. கம்ப்யூட்டர் கடைத் தெருவில், ஒரு மாடி அறையில் தரிசனம். காலை ஏழு மணிக்கே படிக்கட்டு வரை வரிசை. கல்யாண வீடியோவைத் தொலைத்த போட்டோகிராபர், ஆராய்ச்சிக் கட்டுரையைத் தொலைத்த பேராசிரியர், எதைத் தொலைத்தேன் என்றே சொல்ல மறுத்த ஒரு பெரிய மனிதர். எல்லோர் மடியிலும் துண்டில் சுற்றிய ஒரு ஹார்ட் டிஸ்க், காய்ச்சல் கண்ட குழந்தையைப் போல. காணிக்கை அவரவர் விருப்பம். விருப்பம் ஐயாயிரத்துக்குக் குறையக்கூடாது.

அந்த வரிசையில் இருபத்தேழாவது ஆள், 'மூடநம்பிக்கைக்கு முந்நூறு அடி' என்ற புத்தகத்தை எழுதிய அடியேன்.

பதினோரு வருட உழைப்பு. ஜோசியர்களையும் பேயோட்டிகளையும் துவைத்துக் காயப்போட்டிருந்தேன். டிஸ்க்கில் புத்தகத்துக்கென்று தனிப் பகுதி பிரித்து, அத்தியாயத்துக்கு ஒரு ஃபைலாக வைத்திருந்தேன். வேறு பிரதி கிடையாது. இடம் போதவில்லை என்று எதையோ அழுத்தப் போக, அந்தப் பகுதியே மாயமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். பயம் வந்தால் பகுத்தறிவு செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவிடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஞானி என் டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார்.

"அழுகுது."

"எது ஐயா?"

"டிஸ்க்குதான். உங்க மேல கோபம். இந்தப் பென் டிரைவுல சாந்தி ஒலி இருக்கு. மூணு நாள் பக்கத்துல வெச்சு ஓட விடுங்க. அப்புறம் கொண்டு வாங்க."

பக்கத்தில் வைத்தாலே பலன் என்றால் உள்ளேயே வைத்தால் எவ்வளவு பலன் என்று என் மூளை கணக்குப் போட்டது. வீட்டுக்கு வந்ததும் டிஸ்க்கைச் செருகினேன். ஃபார்மட் செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. சரி என்றேன். ஒலியை உள்ளே ஏற்றினேன். டிஸ்க்கிடம் மன்னிப்பும் கேட்டேன்.

"என்னங்க, இது ஏன் முனகுது?" என்றாள் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"எங்க லேப்ல தினமும் முதல்ல வெறும் தண்ணியத்தான் மெஷின்ல வைப்போம். தண்ணியில சர்க்கரை இருக்குன்னு சொன்னா கோளாறு மெஷின்லன்னு அர்த்தம். உங்க ஞானிக்குத் தண்ணி வெச்சுப் பாத்தீங்களா?"

மூன்றாம் நாள் அவளும் வந்தாள், துண்டில் சுற்றிய ஒரு டிஸ்க்கோடு. ஞானி அதன் மேல் கை வைத்தார். முகம் மலர்ந்தது.

"ஒரு குழந்தை சிரிக்குது. யாரோ தாலாட்டு பாடுறாங்க. பத்து வருஷத்து நினைவும்மா இது."

"நேத்து சாயங்காலம்தான் கடையில வாங்கினேன் ஐயா. இன்னும் ஒரு எழுத்துகூட ஏத்தல." பில்லை நீட்டினாள்.

ஞானி அசரவில்லை. "இனிமே ஏறப்போற சிரிப்பு அது."

வரிசையில் பாதிப் பேர் உருகிப்போனார்கள். முதலில் தலையாட்டியது, மறைப்பானேன், நான்தான்.

மனைவி எழுந்து போய் அவருக்குப் பின்னால் தொங்கிய திரையை விலக்கினாள். உள்ளே ஒரு லேப்டாப். அதில் போட்டோகிராபரின் டிஸ்க். லேப்டாப் திரையில் ஒரு மென்பொருள், அறுபத்திரண்டு சதவீதம் மீட்டாயிற்று என்று காட்டிக்கொண்டிருந்தது.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது இணையத்துல சும்மாவே கிடைக்குமே. ஃபைல் தொலைஞ்ச டிஸ்க், பொருளடக்கம் கிழிஞ்ச புத்தகம் மாதிரிதான், பக்கமெல்லாம் உள்ளயே இருக்கும். காலேஜ்ல நானே இதைப் பாடம் எடுத்திருக்கேன்."

"அப்புறம் ஏன் சார் வரிசையில நிக்கிறீங்க?"

"பயம்தாம்மா."

எல்லோரும் பேராசிரியரையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஞானி பின்பக்கப் படி வழியாக இறங்கிவிட்டார்.

அன்று மாலை பேராசிரியரே எங்கள் வீட்டுக்கு வந்து என் டிஸ்க்கில் தொலைந்ததைத் தேடிக் கொடுத்தார். "மேல புதுசா எதையும் ஏத்தலையே? ஏத்தினா அந்த இடத்துல இருந்தது போனதுதான்," என்றார். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். பதினான்கு அத்தியாயங்களில் பதிமூன்று திரும்பி வந்தன. ஒன்று மட்டும் சாந்தி ஒலிக்குள் சமாதியாகிவிட்டது. அதன் தலைப்பு: 'படித்தவர்கள் ஏமாறுவது எப்படி?'

அதை இரண்டே நாளில் மறுபடி எழுதி முடித்தேன். பழைய பிரதியில் பக்கத்துக்குப் பக்கம் 'அவர்கள்' என்று இருந்தது. புதியதில் 'நான்' என்று இருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தது போதும் வாசகரே. உங்கள் ஞானிக்கு எப்போது தண்ணீர் வைத்துப் பார்க்கப் போகிறீர்கள்?