பின் சீட்டுக்கு அடியில ஒரு டின் நெல்லு

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. மலாக்காவுல, காஜா பெராங்ல பஸ் ஏறி பக்கத்துக் கிராமம் செங் போகணும், ஒரு பட்டுச் சேலையைக் கொடுத்துட்டு ஒரு டின் நெல்லு வாங்கணும், அடுத்த பஸ்ல வீடு திரும்பணும்.

இதுல கெடுக்குறதுக்கு என்ன இருக்குன்னு கேக்கலாம். என்னைத் தெரியாதவங்கதான் அப்படிக் கேப்பாங்க.

ஜப்பான்காரன் காலம். காலையில மரவள்ளிக் கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக் கிழங்கு, ராத்திரி அதே கிழங்கு வேற சட்டியில. என் பொண்டாட்டி பார்வதிக்கு ஏழாம் மாசம். மறுநாள் வளைகாப்பு. முதல் பிள்ளை தங்கல. அதனால இந்தத் தடவை ஒரு சாங்கியமும் விட்டுப்போகக் கூடாதுன்னு பிடிவாதமா இருந்தா. வளையல் வந்தாச்சு, சந்தனம் அரைச்சாச்சு. புளிச்சோறு, தேங்காச்சோறு, தயிர்ச்சோறு செய்யத்தான் ஒரு பிடி அரிசி இல்ல.

"செங்ல ஒரு மலாய்க்காரர் மகளுக்குக் கல்யாணமாம். துணி கிடைக்காம தவிக்கிறாராம். நெல்லு தருவாரு, கேட்டு வச்சிருக்கேன்"னு சொல்லி, தலைதீபாவளிக்கு அவ அப்பா எடுத்துக் கொடுத்த சேலையை மடிச்சுக் கொடுத்தா. கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கிட்டா. எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு.

நெல்லையோ அரிசியையோ இஷ்டத்துக்கு எடுத்துட்டு வரக் கூடாதுன்னு அப்ப சட்டம். டவுனுக்குள்ள நுழையிற இடத்துல ஜப்பான் சிப்பாய் துப்பாக்கியோட நின்னு சோதிப்பான். மாட்டினா நெல்லும் போகும், ஆளும் சயாம் ரயில் வேலைக்குப் போவான், போனவன் திரும்ப மாட்டான்னு பேச்சு.

சரி, பஸ் வந்துச்சு. அங்கதான் என் கிரகம் ஆரம்பிச்சுது.

நான் சண்டைக்கு முன்னாடி சிங்கப்பூர்ல ஒரு பஸ் கம்பெனியில ஸ்டோர் கிராணி. ஆணி, போல்ட்டு, லைட்டு எல்லாம் எண்ணி நோட்டுல எழுதுற வேலை. ஸ்டீரிங்கைத் தொட்டதில்ல. ஆனா சிங்கப்பூர் பஸ்ஸுங்க பூர்வீகம் பூராவும் எனக்கு அத்துப்படி. யாரும் கேக்கலைன்னாலும் சொல்லுவேன். யாரும் கேட்டதில்ல.

படியில காலை வச்ச உடனே எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அந்தப் பித்தளைத் தகடு, அந்தச் சன்னல் கட்டை. சந்தேகமே இல்ல, இது எங்க கம்பெனி வண்டி. மேல வேற சாயம் அடிச்சு மலாக்காவுக்கு ஓட்டிட்டு வந்திருக்காங்க.

"பாய், இது சிங்கப்பூர் வண்டி தெரியுமா?"ன்னு கண்டக்டர் காசிம் பாய்கிட்ட கேட்டேன். எங்க தெருக்காரர்தான்.

"ஷோனான்னு சொல்லுங்க கிராணி. யார் காதுலயாவது விழுந்தா வம்பு"ன்னாரு அவரு. ஜப்பான்காரன் ஊருக்கு வச்ச புதுப்பேரு அது.

"ஷோனானே இருக்கட்டும்"னு சொல்லி ஆரம்பிச்சேன். முதல்ல அங்க நீராவி டிராம் வந்ததையும், ரிக்‌ஷாவோட போட்டி போட முடியாம அது படுத்ததையும் சொன்னேன். அப்புறம் கரண்ட்டு டிராம். அப்புறம் தலைமேல ரெண்டு கொம்போட கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஓடுற பஸ். அதுக்கு இடையில பூந்து பூந்து ஓடுன ஏழு பேர் வண்டி, அதுக்குக் கொசு பஸ்ஸுன்னே பேரு.

கூடையோட உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க. ரசிக்கிறாங்கன்னு நினைச்சேன்.

"அதெல்லாம் சரிங்க. இந்த வண்டி மேடு ஏறுமா, ஏறாதா?"ன்னு கேட்டாங்க.

ஏறல. பெட்ரோல் இல்லாததால அப்ப பஸ்ஸெல்லாம் கரியிலதான் ஓடுச்சு. வண்டி முதுகுல ஆளுயர இரும்பு அடுப்பு. அதுல கரி எரிஞ்சு வர்ற வாயுதான் என்ஜினுக்குத் தீனி. மேடு வந்தா ஆம்பளைங்க எல்லாரும் இறங்கித் தள்ளணும். நானும் தள்ளினேன். தள்ளிக்கிட்டே கொசு பஸ்ஸை முடிச்சேன்.

செங்ல வேலை சுளுவா முடிஞ்சுது. மலாய்க்காரர் சேலையை விரிச்சுப் பாத்துட்டு, ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறைய நெல்லு அளந்து, மூடியை அழுத்திக் கொடுத்தாரு. இப்பவாவது நான் நல்ல பிள்ளையா வீடு போய்ச் சேந்திருக்கலாம்.

திரும்பி அதே பஸ். காசிம் பாய் டின்னைப் பாத்துட்டு கிட்ட வந்து, "கிராணி, அதை எங்கிட்ட கொடுங்க. கரி மூட்டைக்கு நடுவுல சொருகிடுறேன். தினமும் அப்படித்தான் போகுது"ன்னாரு.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. "கரி மூட்டையைத்தான் பாய் அவன் முதல்ல குத்துவான். இந்த வண்டியில ஒரு ரகசிய இடம் இருக்கு. இந்த வரிசை வண்டிக்கு மட்டும், கடைசி சீட்டுக்கு அடியில, பலகைக்குக் கீழ ஒரு சாமான் பெட்டி வச்சுக் கட்டினாங்க. கம்பெனி வண்டி கட்ட வரைஞ்ச படத்துல பாத்திருக்கேன்."

"அப்படியா? எனக்கே தெரியாதே. ஆனா கிராணி, அந்தப் பின்பக்கம்..."

"நீங்க எத்தனை மாசமா இந்த வண்டியில இருக்கீங்க?"

"நாலு மாசமா."

"நான் இது பொறந்ததுல இருந்து பாக்குறேன்."

"சரிலா, உங்க இஷ்டம்"னு காசிம் பாய் டிக்கெட் கிழிக்கப் போயிட்டாரு.

பலகையைத் தூக்கினா, படத்துல இருந்த மாதிரியே பெட்டி! டின்னை உள்ள இறக்கி, பலகையை மூடி, அதுமேலயே உட்கார்ந்தேன். வண்டியில கூட்டம் நெரியுது, ஆனா அந்தக் கடைசி சீட்டுல மட்டும் ஒருத்தரும் உட்காரல. படிச்ச மனுசன்னு மரியாதை போலன்னு நினைச்சுக்கிட்டேன். சீட்டு கொஞ்சம் சூடா இருந்துச்சு. மத்தியான வெயில்னு அதையும் ஒதுக்கிட்டேன்.

அடுப்பு வெளியில, டின் உள்ள. நடுவுல ஒரே ஒரு தகடு. கம்பெனி படம் வரைஞ்ச காலத்துல அடுப்பு கிடையாது. அதனால படத்துலயும் கிடையாது, என் மண்டையிலயும் கிடையாது.

மேட்டுல வண்டி மறுபடியும் நின்னுச்சு. தீ மங்கிப்போச்சுன்னு காசிம் பாய் இறங்கி, அடுப்புக்குக் காத்து ஊதுற கைப்பிடியைச் சுத்த ஆரம்பிச்சாரு. எனக்கு வீட்டுக்குப் போற அவசரம். "விடுங்க பாய், நான் சுத்துறேன்"னு வாங்கி, சட்டை நனையச் சுத்தினேன். அடுப்பு சிவந்துச்சு.

"போதும் கிராணி."

"இருங்க பாய், இன்னும் கொஞ்சம்."

என் நெல்லுக்கு நானே தீ மூட்டிட்டு, திருப்தியா ஏறி உட்கார்ந்தேன்.

சோதனைச் சாவடி வந்துச்சு. எல்லாரும் இறங்கி வரிசையா நின்னு குனிஞ்சு கும்பிட்டோம். சிப்பாய் உள்ள ஏறினான். நேரா கரி மூட்டைக்குத்தான் போனான். துப்பாக்கி முனைக் கத்தியால நாலு குத்து. நான் ஓரக்கண்ணால காசிம் பாயைப் பாத்தேன். எப்படி, நான் சொன்னேன்லன்னு ஒரு பார்வை.

சிப்பாய் ஒண்ணும் இல்லைன்னு இறங்கினான். போங்கன்னு கையைத் தூக்கினான்.

அப்பத்தான் பஸ்ஸுக்குள்ள 'டப்'புன்னு ஒரு சத்தம்.

தூக்கின கை அப்படியே நின்னுச்சு. இன்னொரு 'டப்'. அப்புறம் ரெண்டு. அப்புறம் பட்டாசுச் சரத்தைக் கொளுத்தின மாதிரி படபடபடன்னு பிடிச்சுக்கிச்சு. சிப்பாய் என்னமோ கத்திக்கிட்டுத் தரையில விழுந்து துப்பாக்கியை பஸ்ஸுக்கு நேரா நீட்டினான். நாங்க எல்லாரும் ரோட்டுல குப்புற விழுந்தோம். யாரோ நம்மளைச் சுடுறாங்கன்னு நானும் நம்பினேன்.

கடைசியா 'டங்'குன்னு மூடி தெறிச்சுது. பலகை எகிறுச்சு. சன்னல் வழியா வெள்ளை வெள்ளையா நாலஞ்சு பறந்து வந்து ரோட்டுல விழுந்துச்சு.

என் மூக்குக்கு நேரா ஒண்ணு. பாத்தேன். நெல்லுப் பொரி.

அப்பத்தான் எனக்குச் சீட்டு ஏன் சூடா இருந்துச்சுன்னு புரிஞ்சுது. கூடவே பார்வதி முகமும் ஞாபகம் வந்துச்சு. சிப்பாயை விட அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

சிப்பாய் மெல்ல உள்ள போய் டின்னோட வந்தான். யாருதுன்னு ஜாடையில கேட்டான். ஒத்துக்கிட்டுக் கையைத் தூக்கணும்னு நினைச்சேன். அதுக்குள்ள மொத்த பஸ்ஸும் என் பக்கம் திரும்பிடுச்சு. விட்டான் ஒரு அறை. கன்னம் அப்பவே பணியாரம் மாதிரி உப்பிடுச்சு.

காசிம் பாய்தான் முன்னால வந்தாரு. பயந்து பயந்து, மலாய்ல, "துவான், இது நெல்லும் இல்ல, அரிசியும் இல்ல. பாருங்க, பலகாரம்"னு சொல்லி, ஒரு பிடி எடுத்து வாயில போட்டுக் காட்டினாரு. சிப்பாய் அவரைப் பாத்தான். டின்னைப் பாத்தான். ஒண்ணு எடுத்து மென்னான். இன்னும் கொஞ்சம் மென்னான். அப்புறம் தன் தொப்பியைக் கழட்டி, அது வழிய வழிய அள்ளிக்கிட்டு, டின்னை என் கையில திணிச்சுப் போகச் சொன்னான்.

பஸ்ல வீடு வர்ற வரைக்கும் யாரும் எங்கிட்ட பேசல. பொரியை மட்டும் கை நீட்டி வாங்கித் தின்னாங்க. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

வீட்டுல பார்வதி புளியை ஊற வச்சு, முறத்தையும் உலக்கையையும் எடுத்து வச்சுக் காத்திருந்தா. டின்னுக்குள்ள எட்டிப் பாத்தா. என் கன்னத்தைப் பாத்தா. நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அழுதா. சேலைக்காக அழுதாளா எனக்காக அழுதாளான்னு கேக்க எனக்குத் தைரியம் இல்ல. காசிம் பாய் கதையோட பின் பாதியைச் சொல்ல வந்தப்ப, அழுதுக்கிட்டே சிரிச்சா.

மறுநாள் வளைகாப்புல புளிப்பொரி, தேங்காப்பொரி, தயிர்ப்பொரி. கிழங்கு தின்னு அலுத்துப்போயிருந்த தெருவே வந்து டின்னைத் துடைச்சிட்டுப் போச்சு. இனிமே வளைகாப்புன்னா இப்படித்தான் செய்யணும்னு ரெண்டு பேர் சொன்னாங்க. பார்வதி என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல.

எல்லாரும் போனப்புறம் அடுப்படிக்குக் கூப்பிட்டா. டின்னுல சூடு படாத பக்கம் பொரியாமக் கிடந்த நெல்லை, முந்தின நாளே ஒண்ணு ஒண்ணாப் பொறுக்கிக் குத்தி வச்சிருக்கா. சட்டியில ஒரே ஒரு ஆளுக்குப் புளிச்சோறு. அவ ஒரு வாய் சாப்பிட்டு, கண்ணை மூடிக்கிட்டு ரொம்ப நேரம் மென்னா. அப்புறம் ஒரு கவளம் உருட்டி என் பக்கம் நீட்டி, "வாயைத் திறங்க"ன்னா.

கன்னம் வலிக்க வலிக்கத் திறந்தேன். அந்த ரெண்டு நாள்ல நான் வாயைத் திறந்து உருப்படியா நடந்தது அது ஒண்ணுதான்.