பொலிகாளைக்காரர் போட்டுக்கொண்ட ஊசி

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் இன்று நிற்கிற மாடுகளில் பாதி, பொலிகாளைக்காரரின் காளைக்குப் பிறந்தவை. சினை ஊசி வந்த பிறகும் அவர் வாசலில் பசுக்கள் வந்து நிற்பது குறையவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, தவிட்டு மூட்டை சுமந்து, கடலூரிலும் சிதம்பரத்திலும் சொந்தமாகத் தீவனக் கடை வைத்தவன். எத்தனையோ பேரைப் பார்த்தவன். ஆனால் காளைக்காகச் சோப்பை ஒதுக்கிய ஆள் அவர் ஒருவர்தான். ஆம்பளை வாசனை குறைந்தால் காளை மதிக்காது என்பது அவர் கட்சி. கல்யாண வீட்டில் யாரோ சென்ட் தெளித்துவிட, பந்தியிலிருந்து எழுந்துபோய் பம்புசெட்டில் விழுந்தார்.

அப்பேர்ப்பட்டவருக்குப் போன வருஷம் மூத்திரம் சொட்டுச் சொட்டாகப் போனது; இடுப்பும் வலித்தது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், எலும்புவரை எட்டிவிட்டது என்றார் சிதம்பரத்து டாக்டர். விதையில் ஊறும் ஆண் ஹார்மோன்தான் அதற்குத் தீனியாம். அதை நிறுத்த மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி.

மனுஷன் பாதியில் எழுந்து நேரே என் சிதம்பரம் கடைக்கு வந்துவிட்டார்.

"மச்சான், கத்தி வெக்காம காயடிக்கப் பாக்குறாங்க. நாளைக்கு காள என்னை முட்டித் தள்ளும்."

"ஊசி போடலன்னா, அது முட்டறதுக்கு நீ இருக்கணுமில்ல?" என்று கையைப் பிடித்துத் திரும்ப இழுத்துப் போனேன்.

மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி இருக்கிறது, அது உத்தரவு போட்டால்தான் விதை வேலை செய்யும் என்று டாக்டர் விளக்கினார். ஊசி போட்டதும் அந்த உத்தரவு கொஞ்ச நாள் கூடும், அதற்குப் பாதுகாப்பாக மாத்திரை. பிறகு அடியோடு நின்றுவிடும். நான் நம் பாஷையில் சொன்னேன்: "மொதலாளி ஆர்டர் போடல, மில்லு ஓடல, நோய்க்குத் தீனி இல்ல. அவ்ளோதான்." டாக்டரே தலையாட்டினார். படித்திருந்தால் அந்த நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருப்பேன்.

"காளைக்குத் தெரிஞ்சிடுமா டாக்டர்?" என்று கேட்டார் இவர்.

அவ்வளவு படித்தவர் என் பக்கம் திரும்பினார். காளைக்குத் தெரியாது என்று நான் அடித்துச் சொன்னேன். எனக்கும் தெரியாதுதான்.

ஊசி வேலை செய்தது. மார்கழிக் குளிரில் உடம்பு தீயாய்க் கொதித்து, ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெஞ்சு முடி கொட்டியது. சீரியலில் மாமியார் கொடுமை வந்தால் இவர் விசும்புகிறார் என்று அவர் சம்சாரம் எனக்குப் போன் போட்டுச் சிரித்தது, சிரித்துக்கொண்டே அழுதது. கொட்டகைப் பக்கமே அவர் போகவில்லை. தண்ணி, தீனி எல்லாம் சம்சாரம்தான்.

ஒருநாள் அந்தம்மா ஊரில் இல்லாதபோது கீரப்பாளையத்திலிருந்து ஒரு பசு வந்துவிட்டது. எனக்கு ஆள் அனுப்பினார். தைரியம் சொல்லப் போன நான், படலுக்கு வெளியே நின்றபடியே தாராளமாகச் சொன்னேன். அவர் கயிற்றை அவிழ்த்தார். காளை அவர் கழுத்தை முகர்ந்தது, அக்குளை முகர்ந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அது புஸ்ஸென்று மூச்சு விட்டு, எப்போதும்போல் அவர் பின்னாலேயே நடந்தது.

"மச்சான், இதுக்கு மூக்கு போயிடுச்சு" என்றார், கண்ணைத் துடைத்தபடி.

ரத்தப் பரிசோதனையில் நோயின் அளவு நன்றாக இறங்கியிருக்கிறது. ஊசிக்கு வரும்போதெல்லாம் என் கடைக்கு வருவார். பேச்சின் நடுவே முகம் சிவந்து வேர்க்கும். ஃபேனுக்கு நேர் கீழே என் நாற்காலி, நான் எழுந்துவிடுவேன். பெற்ற பிள்ளைகளைக்கூட அதில் நான் உட்கார விட்டதில்லை.