பதினோரு ரூபாய் மொய்

"பதினோரு ரூவா செக்குக்கு அஞ்சரை ரூவா பிடித்தமா? பகல் கொள்ளையால்லா இருக்கு!"

துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா ரோச் போட்ட சத்தத்தில் பேங்கே திரும்பிப் பார்த்தது. தங்கை விக்டோரியா கல்யாணத்துக்குப் பம்பாயிலிருந்து இனிகோ சித்தப்பா மொய்யாக அனுப்பிய செக் அது. மொய் நோட்டில் பதினொன்று என்று ஏறிவிட்டது. அடுத்த மாதம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு அதைக் குறையாமல் திருப்ப வேண்டும். இல்லையென்றால் சொந்தக்காரர்கள் நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார்கள்.

"வெளியூர் செக்குல்லா அண்ணாச்சி. கலெக்‌ஷன் சார்ஜ் நாலு, தபால் ஒன்றரை," என்றார் மேனேஜர் காசிலிங்கம்.

"அப்போ செக்கைத் திருப்பித் தாங்க."

"அது நேத்தே பம்பாய் போயிட்டே. நிறுத்தணும்னா தந்தி அடிக்கணும்."

"அடிங்க!"

அடித்தார்கள். தந்திக்கு நாலு ரூபாய். தந்தி போய்ச் சேருமுன் செக் பாஸாகித் தொலைத்தது. மிச்சம் ஒன்றரை ரூபாய். நம்ம ஆள் விடுவாரா? மேலிடத்துக்குப் புகார் எழுதப் போகிறேன், கணக்கு நகல் கொடுங்கள் என்று நின்றார். நகலுக்கு ரெண்டு ரூபாய்.

"இப்போ நீங்கதான் எங்களுக்கு அம்பது பைசா தரணும் அண்ணாச்சி," என்றார் காசிலிங்கம்.

வீட்டுக்கு வந்து பெண்டாட்டி அல்போன்சாவிடம் குதித்தார் ரோச்.

"நானும் செக்கே அனுப்புதேன் பாரு! பம்பாய் பேங்குல அவருக்கும் முழி பிதுங்கட்டும்!"

செக் புத்தகம் வேண்டுமென்றால் கணக்கில் நூறு ரூபாய் கிடக்க வேண்டுமாம். அல்போன்சாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போனது.

"பதினோரு ரூவா மொய்க்கு என் காது மூளியாச்சே! நீங்க நல்லா இருப்பியளா?" என்று அவள் மூக்கைச் சிந்தினாள். ரோச் காதில் வாங்கவில்லை.

மறுநாள் பேங்கிலேயே உட்கார்ந்து செக் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பேங்கின் பழைய பியூன் சிலுவையிடம் நீட்டினார்.

"தபாலாபீஸ் போகும்போது இதையும் போட்டிருங்க அண்ணாச்சி. இனிகோ சித்தப்பா மக கல்யாணத்துக்கு மொய். பதினோரு ரூவா, செக்கு! இப்பத்தான் மனசு குளுந்துச்சு."

சிலுவை விலாசத்தை ஒருதரம் படித்துவிட்டு, ரோச்சை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்பத்திரண்டுல இந்த இனிகோ கல்யாணத்துக்கு உங்க அப்பா அனுப்புன பதினோரு ரூவா செக்கையும் நான்தான் தம்பி தபால்ல போட்டேன், அந்த மொய்யத்தான் அவரு இப்பத் திருப்பியிருக்காரு, நீங்க எதுக்கு மறுபடி ஆரம்பிக்கிய?"