ஊதுவத்தி டிஜேயும் நகரி பஸ்ஸும்

கல்யாணத்துக்குப் பாட்டுப் போட வந்து, ஆட நின்ற கூட்டத்தை நின்ற இடத்திலேயே கண்சொக்க வைக்கிற டிஜே இந்தியாவிலேயே ஒருவர்தான்; அவர் எங்கள் திருத்தணியில் இருக்கிறார். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். ஊருக்கு அவர் ஊதுவத்தி. மற்ற டிஜேக்கள் சரவெடி, எடுத்த எடுப்பிலேயே காது கிழியும். இவர் புகைந்துகொண்டே இருப்பார். எப்போது பற்றினார், எப்போது அணைந்தார் என்று யாருக்கும் தெரியாது.

கோவாவில் ஏதோ ஓர் ஓட்டலில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவர். சாயங்காலமானால் சுவருக்கு அந்தப் பக்கம் டீப் ஹவுஸ் என்கிற நிதானமான ஆட்ட இசை ஓடுமாம். இந்தப் பக்கம் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் முந்திரி வாங்கி வருவார்கள். இவர் பாட்டுக் கலக்குகிற கன்சோல் ஒன்றும் ஹெட்போனும் வாங்கி வந்தார். அந்த ஹெட்போன் எப்போதும் ஒரு காதில் மட்டும் இருக்கும். இன்னொரு காது நமக்காம். நாம் சொல்வது அதில் விழுந்ததற்கு இதுவரை ஆதாரம் இல்லை.

அவர் கொள்கை ஒன்றே ஒன்று. ஒரு பாட்டை நிறுத்திவிட்டு இன்னொன்றைப் போடுவது பாவம். ஓடுகிற பாட்டுக்கு அடியில் அடுத்ததை நைசாக நுழைத்து, இரண்டின் தாள நடையையும் ஒன்றாக்கி, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவ வேண்டும். தூங்குகிற குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை எடுப்பது மாதிரி.

"அண்ணா, அந்தப் புதுப் பாட்டு போடுங்கண்ணா" என்று யாராவது போய் நின்றால், "ஆங், வந்துகினே இருக்குது" என்பார். கேட்டவர் சாப்பிட்டு, தாம்பூலப் பை வாங்கி, ரயிலேறி அரக்கோணத்தில் இறங்குகிற நேரத்துக்கு இங்கே அவர் கேட்ட பாட்டு வந்து சேரும்.

பக்கத்து ஊர் கே.ஜி.கண்டிகைக்காரர் ஒருவர் பேரனுக்குக் காதுகுத்து வைத்தார். ஆசாரி ஊசியை எடுத்தார். தாய்மாமன் மடியிலிருந்த குழந்தை வாயைத் திறந்தது. எல்லோரும் காத்திருந்தோம். கொட்டாவி விட்டது. தூங்கிவிட்டது. இரண்டு காதும் குத்தியாயிற்று, ஒரு சத்தமில்லை. தாத்தா நேராகக் கன்சோலுக்கு வந்துவிட்டார்.

"யோவ், புள்ள அழவே இல்லியேய்யா! வந்த சனமெல்லாம் இது இன்னா காதுகுத்துன்னு கேக்குது!"

"அடுத்த பாட்டுல அழுவும்ங்க. வந்துகினே இருக்குது."

இப்படிப்பட்டவரை என் ஒரே மகள் கல்யாணத்துக்கு நான் ஏன் கூப்பிட்டேன் என்று கேட்பீர்கள். பெரிய முகூர்த்த நாள். மற்ற டிஜே அத்தனை பேரும் புக் ஆகிவிட்டார்கள். எந்த முகூர்த்தத்திலும் காலியாக இருக்கிற ஒரே ஆள் இவர்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். ஒரு தட்டு கீழே விழுந்தால் பதறுகிறவன் செய்யக்கூடாத தொழில். பதறினால் மற்றவர்களுக்கு வியர்க்கும், எனக்குப் பசிக்கும். கல்யாணத்தன்று காலை மலைக்கோயிலில் தாலி கட்டி முடிவதற்குள் ஜிப்பாப் பையில் வைத்திருந்த லட்டு தீர்ந்துவிட்டது.

மாப்பிள்ளை வீடு ஆந்திரா பக்கம், நகரி. மதியம் கீழே மண்டபத்தில் ரிசப்ஷன். பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் மாலையோடு நின்றார்கள். உள்ளே நடந்து வரப் பாட்டு வேண்டும். மாப்பிள்ளையின் தாய்மாமன் மீசையைத் தடவிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பாவா, எங்க பையன் உள்ள வரசொல்ல மொதல்ல தெலுங்குப் பாட்டுதான் வரணும்."

என் மச்சான் அரக்கோணத்தில் ரயில்வேக்காரன். யார் பேசினாலும் குறுக்கே வருவான். "அதெப்படி? பொண்ணு வூட்டு ஊரு இது. மொதல்ல தமிழ்ப் பாட்டுதான். நீ கம்முனு இரு மாமா, நான் பேசிக்கிறேன்."

அவன் பேசிக்கொண்டான். விளைவு, தாய்மாமன் வாசலைப் பார்த்துக் கத்தினார்: "டிரைவரூ! பண்டி ஸ்டார்ட் பண்ணு! எல்லாரும் ஏறுங்க, போலாம்!"

டிரைவர் உடனே ஸ்டார்ட் செய்துவிட்டார். அவர்கள் வந்திறங்கிய பழைய பஸ். நின்ற இடத்திலேயே தட், தட், தட் என்று மண்டபத்துக் கண்ணாடிகளை ஆட்டியது. பந்தியில் இலை போட்டாயிற்று. சம்பந்தி வீட்டார் கை நனைக்காமல் போனால், என் பெண் அந்த வீட்டில் காலம் பூராவும் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும். வாசலில் அவள் என்னையே பார்த்தாள். "நைனா..." என்றாள். அவ்வளவுதான், எனக்கு அகோரப் பசி. ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கையாலும் பூந்தி தின்றேன். மகளின் வாழ்க்கையைக் காப்பாற்ற வேறு என்ன செய்வது என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பாத்திரத்தின் அடி தெரிந்தபோது புத்தி வந்து ஊதுவத்தியிடம் ஓடினேன்.

"ரெண்டு பாட்டும் போடுங்க. எது மொதல்லன்னு மட்டும் கேக்காதீங்க!"

"மொதல்ல, ரெண்டாவதுன்னு ஒண்ணும் கெடையாதுங்க" என்றார். "அடியில தும் தும்முன்னு இடிக்கிற பேஸு மட்டும்தான் ஒரு நேரத்துல ஒருத்தருக்கு. ரெண்டு பேருக்கும் குடுத்தா ஸ்பீக்கர் கிழிஞ்சிடும்." தாய்மாமனையும் என் மச்சானையும் பார்த்தேன். கிழிந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு அவர் யாரும் பார்த்திராத ஒன்றைச் செய்தார். ஹெட்போனைக் கழற்றினார். இரண்டு காதையும் வாசலுக்குக் கொடுத்து நின்றார்.

"பஸ்ஸு நல்ல நடையில இருக்குதுங்க."

"யோவ், அது போவப் போவுதுய்யா!"

"ஆங். அதோடயே போவலாம்."

பஸ்ஸின் தட்தட்டுக்கு அடியில் ஏதோ ஒன்று சேர்ந்துகொண்டது. முதலில் பஸ்தான் இரைகிறது என்று நினைத்தேன். அப்புறம் பஸ்ஸுக்கு இவ்வளவு நல்ல குரல் ஏது என்று தோன்றியது. வெறும் தாளம். நகரிக்காரர்கள் நம் பாட்டுதான் வரப்போகிறது என்று நின்றார்கள். எங்கள் பக்கமும் அப்படியே நின்றது. பஸ் ஏறக் கிளம்பிய கால்கள் தாளம் போட்டன. மேலே மெல்லியதாக ஒரு தமிழ்க் குரல் மிதந்தது. அது முடிவதற்குள் ஒரு தெலுங்குக் குரல் அதன் தோளில் கைபோட்டது. எது முன்னே எது பின்னே என்று கன்சோலுக்கே தெரிந்திருக்காது. பெண்ணும் மாப்பிள்ளையும் அதில் நடந்து உள்ளே வந்தார்கள். தாய்மாமன் மீசைக்குள்ளேயே சிரித்துத் தலையாட்டினார். என் மச்சான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, நம்ம பாட்டுதான் மொதல்ல" என்றான். "ஆங், நம்ம பாட்டுதான்" என்றார் அவர். இருவரும் இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார்கள்.

திரும்பிப் பார்த்தால், நகரி டிரைவர் கையில் பஸ் சாவியோடு என் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருக்கிறார். இன்ஜின் எப்போது நின்றது என்று யாருமே கவனிக்கவில்லை.

"பஸ்ஸ மெதுவா உருவிட்டேங்க" என்றார் ஊதுவத்தி.

எல்லோரும் சாப்பிட்டார்கள். பூந்தி மட்டும் பாதிப் பந்தியிலேயே தீர்ந்துவிட்டது. சமையல்காரர் யார் யாரையோ சந்தேகப்பட்டார்.

சாயங்காலம் பெண்ணை அனுப்ப வேண்டிய நேரம். எனக்கு மறுபடியும் பசித்தது, தின்ன ஒன்றுமில்லை. ஊதுவத்தி ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு ஸ்பீக்கர் மட்டும் சன்னமாக அதே தாளத்தை முணுமுணுத்தது. மகள் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள், நான் ஏதோ சொன்னேன். தாளம் ஓடிக்கொண்டேயிருந்தது. அதற்கடியில் பஸ் இரையத் தொடங்கியிருக்கிறது. இவர் பாட்டிலிருந்து பேஸைக் குறைத்து, பஸ்ஸிடமே கொடுத்துவிட்டிருக்கிறார். நான் நிமிர்ந்து பார்த்தபோது தெரு காலியாக இருந்தது. காதில் மட்டும் தட், தட்.

அவள் எந்த நொடியில் போனாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார் அந்த மனிதர். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்றும் தெரியாமல், "பூந்தி தீந்துடுச்சுங்க" என்றேன்.

"பரவால்லீங்க. பசி இருக்காது இனிமே."

உண்மைதான், பசி இல்லை.

இந்த மாதம் பேத்திக்குக் காதுகுத்து. நகரியிலிருந்து அதே பஸ் வருகிறது. நல்ல சரவெடி டிஜேயாகப் பார்க்கலாம் என்கிறான் மச்சான். நான் ஊதுவத்தியிடம் சொல்லிவிட்டேன். குழந்தை அழாவிட்டால் என்ன, அழுவதற்குத்தான் நான் இருக்கிறேனே.