மீற்றர் தெரியாத கமரா

நம் வீதிகளில் புதிதாக ஓர் இனம் பெருகியிருக்கிறது. இவர்கள் மோட்டார் சைக்கிளில் சந்தைக்கோ கோயிலுக்கோ புறப்படுவதில்லை, வழக்குக்குப் புறப்படுகிறார்கள். வழக்கு இன்னும் பிறக்கவில்லை, எதிராளி யாரென்றும் தெரியாது, ஆனால் சாட்சி ஹாண்டிலில் பூட்டப்பட்டுத் தயாராக இருக்கிறது. இவர்களைக் கமராக்காரர் என்போம்.

இணுவில் தில்லைநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் பார்க்கக்கூட அவர் கமரா பார்த்த அளவுக்குக் காலம் எடுக்கவில்லை. யூரியூப்பில் பார்த்தார், கனடா மைத்துனரிடம் கேட்டார், மழைக்குத் தாங்குமா, வெயிலுக்குத் தாங்குமா, பொலிஸ் ஏற்குமா என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் அலுக்க வைத்துவிட்டு, முதல்நாள் பார்த்ததையே வாங்கினார்.

பூட்டுவது அதைவிடப் பெரிய கிரியை. கராஜ்காரன் கஜானன் கமராவை ஹாண்டிலில் வைத்துக் காட்டினான்.

“இன்னும் முன்னுக்குத் தள்ளும் தம்பி. மற்றவனின்ரை நம்பர் பிளேற் வடிவாத் தெரியவேணும்.”

“அப்ப உங்கடை வேகம் காட்டுற மீற்றர் படத்திலை விழாது அண்ணை.”

“அது ஏன் விழவேணும்?”

கஜானன் ஆணியை முறுக்கினான்.

பிறகு, புது வாகனத்துக்குச் செய்வதெல்லாம் கமராவுக்கும் நடந்தது. தேசிக்காய் நசிபட்டது. நூல் கட்டப்பட்டது. வெள்ளிதோறும் சந்தனப் பொட்டு. கமராவுக்கு நெற்றி எங்கே? தில்லைநாதனுக்கு அதில் ஐயமே வரவில்லை. நடுவில், வட்டமாக, பளபளவென்று இருந்த இடத்தில் தாராளமாக வைத்தார்.

பதிவானதை அவர் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. எதற்கு? ஒதுங்காத லொறிக்கும் குறுக்கே வந்த ஆட்டுக்கும் ஒரே வசனம் போதுமாக இருந்தது: “எல்லாம் கமராவிலை ஏறுது.”

போன வெள்ளிக்கிழமை மருதனார்மடத்தடியில், வலப்பக்கம் திரும்பிய யதுசனின் ஓட்டோவில் போய் மோதினார். பின்னால் இருந்த மனைவி குணலட்சுமிக்கு முழங்கை உரசியது. ஓட்டோ நெளிந்தது. பிழை யதுசனுடையது என்றானால் அவனுடைய லைசென்ஸ் போகும். பிறகு ஓட்டோ வீட்டு முற்றத்தில்தான் நிற்கும்.

“நான் சிக்னல் போட்டுத்தான் திருப்பினனான் அண்ணை,” என்றான் அவன், பொலிஸ் நிலையத்தில்.

“நீர் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை தம்பி. கமரா கதைக்கும்.”

சார்ஜன் பதிவைப் போட்டார். திரை முழுக்க மஞ்சள். வீதி இல்லை, ஓட்டோ இல்லை, நம்பர் பிளேற் இல்லை. சந்தனம் மட்டும். ஆனால் ஒலி துல்லியமாக இருந்தது. முதலில் குணலட்சுமியின் குரல்.

“இஞ்சாருங்கோ, மீற்றர் எண்பதிலை நிக்குது. முன்னாலை ஓட்டோ சிக்னல் போடுது.”

“போட்டால் போடட்டும். என்னட்டைக் கமரா இருக்கு.”

அடுத்தது மோதிய சத்தம்.

சார்ஜன் அதை இன்னொரு முறை போட்டுக் கேட்டார். யதுசன் தலையைக் குனிந்து சிரிப்பை மறைத்தான். குணலட்சுமி முழங்கையைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். யதுசனைப் போகச் சொன்னார்கள். தில்லைநாதனின் லைசென்ஸ் பொலிஸ் மேசையில் தங்கிவிட்டது. அவர் திருந்தினாரா? இப்போது ஒலி பதியாத கமரா தேடுகிறார்.

சிரிக்கிறீர்கள். உங்கள் வண்டியில் கமரா இல்லை, அதனால் இந்த இனத்தில் நீங்கள் இல்லை என்று நினைக்கிறீர்கள். கடைசியாகப் போட்ட சண்டையை நாலு பேருக்கு விபரித்தீர்களே, அதில் மற்றவருடைய நம்பர் பிளேற் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. உங்கள் மீற்றர் எத்தனையில் நின்றது?

பின்னால் இருந்தவரைக் கேட்டுப் பாருங்கள்.